சிவப்புக் காரின் கிராங்க் புல்லி

அவள் போன் செய்தபோது எடுத்தது என் கணவர். "வணக்கம்மா, சொல்லுங்க, சொல்லுங்க" என்று அவர் குரல் இளகியதைக் கேட்டதுமே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. திண்டிவனத்தில் எங்கள் உதிரிபாகக் கடைக்கு ஒரு நாளைக்கு ஐம்பது மெக்கானிக்குகள் போன் செய்வார்கள். யாரிடமும் அவர் இரண்டு முறை "சொல்லுங்க" சொன்னதில்லை.

அவள் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவள். ஆட்டோமொபைல் டிப்ளமோ வகுப்பில் நாங்கள் இரண்டே பேர்தான் பெண்கள். மூன்று வருடமும் நான்தான் வகுப்பில் முதல். அவள் கெடார் பக்கத்துப் பெண். வீட்டில் எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், லீவு விட்டால் அவளும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுக்கப் போய்விடுவாள். மெஷின் டிராயிங்கில் இரண்டு முறை தோற்று, என் நோட்டை வாங்கிப் படித்து, மூன்றாவது முறை தேறினாள். ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து அவளுக்குக் குறுக்குவெட்டுப் படம் போடக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

எனக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை அமைந்தது. சொந்தக் கடை. "படிச்ச பொண்ணு, கடைய நல்லா பாத்துக்கும்" என்று மாமியார் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். பார்த்துக்கொண்டேன், இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த வண்டிக்கு எந்த பேரிங், எந்த சீல் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு நான் ஸ்பானரைப் பிடித்ததில்லை. அவளுக்கு வாய்த்தவர் விழுப்புரத்தில், கோலியனூர் போகும் ரோட்டில் கார் ஷெட் வைத்திருந்தார். அவர் குவைத்துக்கு வேலைக்குப் போனபோது ஷெட்டைப் பூட்டிவிடலாம் என்றாராம். பூட்ட வேண்டாம் என்று சாவியை இவள் வாங்கிக்கொண்டாள். அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. இப்போது விழுப்புரத்தில் "லேடி மெக்கானிக் ஷெட்" என்று சொன்னாலே ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுபோய் விடுவார். யாரோ ஒரு பையன் அவளை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டிருந்தான். அதை என் கணவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்து என்னிடம் மூன்று முறை காட்டினார். மூன்று முறையும் நான் "நல்லா பேசறா" என்றேன். எழுந்துபோய்த் தட்டைக் கழுவினேன்.

அன்றைக்குப் போனை என்னிடம் கொடுத்தார்.

"ஒரு வண்டி வந்து மாட்டிக்கினு நிக்குதுடி" என்றாள் அவள். "ஸ்போர்ட்ஸ் காரு, சிவப்பு கலரு, ரெண்டே சீட்டு. மெட்ராஸ்ல இருந்து திருச்சிக்குப் போய்க்கினு இருந்துருக்காரு ஓனரு. விக்கிரவாண்டி தாண்டனதும் பெல்ட்டு கயண்டுக்கினு பேட்டரி லைட்டு வந்துட்ச்சாம். கிராங்க் புல்லி போயிட்ச்சி."

"புல்லிதான்னு எப்படிச் சொல்றே?"

"வேற பெல்ட்டு மாட்டிட்டு, சாக்பீஸால உள்வட்டத்துல இருந்து வெளிவட்டம் வரைக்கும் நேரா ஒரு கோடு போட்டேன். கொஞ்ச நேரம் ஓடவுட்டு நிறுத்திப் பாத்தா, கோடு ரெண்டா பிரிஞ்சி ஒண்ணு இங்க, ஒண்ணு அங்க கெடக்குது."

பெட்டியின் மேல் ஹார்மோனிக் பேலன்சர் என்று போட்டிருக்கும். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு அது வெறும் கிராங்க் புல்லி. என்ஜினின் முன்னால், கிராங்க் தண்டின் நுனியில் இருக்கிற கனமான சக்கரம். உள்ளே ஓர் இரும்பு வட்டம், வெளியே ஓர் இரும்பு வட்டம், நடுவில் ரப்பர். பிஸ்டன் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் கிராங்க் தண்டு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்த அதிர்வை ரப்பர் வாங்கிக்கொள்ளும். ரப்பர் செத்துவிட்டால் வெளிவட்டம் தன்பாட்டுக்கு நழுவி, பெல்ட்டைத் தள்ளிவிடும். இவ்வளவும் எனக்கு மனப்பாடம். பரீட்சையில் படத்தோடு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தச் சாக்பீஸ் கோடு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவளாகக் கண்டுபிடித்தாளா, யாரிடமாவது கற்றாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வெளிநாட்டு வண்டிகளுக்குப் பாகம் வரவழைக்கிற ஒருவர் சென்னையில் இருக்கிறார். அவரிடம் சொல்லி வைத்தேன். ஒன்பதாம் நாள் பார்சல் ஆபீசிலிருந்து பெட்டி வந்தது. பெட்டியைப் பிரித்துச் சரிபார்ப்பது எப்போதும் என் வேலை. கறுப்புப் பெயின்ட் மினுங்க, எண்ணெய்த் தாளில் சுற்றி, புல்லி உள்ளே இருந்தது. அதன் கீழே நாலாக மடித்த ஒரு தாள். ஒரு பக்கம் ஜப்பான் எழுத்து, மறுபக்கம் இங்கிலீஷ். கல்லாவில் வைத்து வாசித்தேன்.

நடுவில் இருக்கிற பெரிய போல்ட்டை ஒருமுறை கழற்றினால் திரும்பப் போடக் கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. இறுக்கும்போதே அந்த போல்ட் இழுபட்டு நீண்டுவிடுமாம். புதிய போல்ட்டைத் தனியாக வாங்க வேண்டும், முதலில் இவ்வளவு அழுத்தத்துக்கு இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று திருப்ப வேண்டும். பழையதையே போட்டால் ஓட்டத்தில் தளர்ந்து கிராங்க் தண்டையே கெடுத்துவிடும்.

பெட்டியில் போல்ட் இல்லை.

போனை எடுத்து சென்னைக்காரரிடம் போல்ட்டையும் சொல்லலாம் என்று நினைத்த நேரத்தில் என் கணவர் உள்ளேயிருந்து வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. தலையை வாரியிருந்தார்.

"நானே கொண்டுபோய் குடுத்துட்டு வந்துடறேன்" என்றார். "அந்த மாதிரி காரை நான் கிட்ட போய் பாத்ததில்ல. உன் ஃப்ரெண்டு வேல செய்யறதயும் நேர்ல பாக்கணும். கம்பெனில டிரெய்னிங் எடுத்தவங்கூட அத தொட யோசிப்பான். அந்தப் பொண்ணுக்கு என்னா தைரியம் பாரு."

"நான் போறேன்" என்றேன்.

"உனக்கு எதுக்கு? வெயிட்டு ஜாஸ்தி."

"நான் போறேன்னு சொன்னேன் இல்ல."

அவர் பையெடுக்க உள்ளே போனார். நான் தாளை மடித்து, டிராயரில் பில் புத்தகங்களுக்கு அடியில் வைத்து மூடினேன். அவசரத்தில் மறந்து வைத்துவிட்டேன் என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தப்பு செய்வதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஷெட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். அவளிடம் வேலை செய்கிற பெரியவர் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். காரின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, ஒரு பக்கச் சக்கரத்தைக் கழற்றி, ரேடியேட்டர் ஃபேனையும் எடுத்து ஓரமாக வைத்திருந்தாள். சிவப்பு என்றால் அப்படியொரு சிவப்பு. நம்மூர் வெயிலில் இவ்வளவு நாள் நின்றும் பெயின்ட் மங்கவில்லை.

"வாடி வாடி" என்று முழங்கையால் என்னைத் தள்ளி அணைத்தாள். கை முழுக்க கிரீஸ். "நீயே வருவேன்னு நெனைக்கல. நல்ல நேரத்துக்கு வந்தே. ஒரு ஆளு வேணும் எனக்கு."

என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னாள். போல்ட்டைத் திருப்பும்போது கிராங்க்கும் சேர்ந்து சுற்றாமல் இருக்க, வண்டியைக் கியரில் போட்டு ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சீட் தரையோடு தரையாக இருந்தது. காலை நீட்டி அழுத்தினேன். நீளமான கம்பியில் இன்னும் ஒரு பைப்பைச் சொருகி, அவள் தன் மொத்த எடையையும் போட்டுத் தொங்கினாள். டப் என்று ஒரு சத்தம். போல்ட் இளகிவிட்டது.

பிறகு நான் இறங்கி வந்து பார்த்தேன். புல்லியை இழுத்து எடுக்கும் புல்லரின் மூன்று கால்களையும் வெளிவட்டத்தில் மாட்டாமல் உள்வட்டத்தின் ஓட்டைகளில் மாட்டினாள். வெளியே மாட்டி இழுத்தால் ரப்பர் பிய்ந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். அவசரமே இல்லாமல் கால் திருப்பு, கால் திருப்பாகத் திருப்பினாள். பழைய புல்லி அவள் கைக்கு வந்து விழுந்தது. ரப்பர் வறண்டு, வெடித்து, விரலால் தொட்டால் கரியாக ஒட்டியது. உள்ளே இருந்த ஆயில் சீலையும் நான் கொண்டுபோயிருந்த புதிய சீலால் மாற்றினாள். தண்டைத் துணியால் துடைத்து, சீலின் உதட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, புதிய புல்லியை ஏற்றினாள். சுத்தியலைத் தொடவே இல்லை. அவள் விரல்கள் எதையும் தேடவில்லை. எந்த ஸ்பானர் எங்கே என்று பார்க்காமலே எடுத்தன. எத்தனை தடவை நான் பென்சிலால் வரைந்த வேலை அது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது.

பழைய போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"மரை நல்லாத்தான் இருக்குது" என்றாள். "ஆனா இந்த மாதிரி வண்டில சில போல்ட்டு திரும்பப் போடக் கூடாதும்பாங்க. நீ சொல்லு, நீதான ஃபர்ஸ்ட்டு. பெட்டில பேப்பர் கீப்பர் எதுனா வந்துச்சா?"

அவள் கேட்டாள். அதுதான் எனக்கு மறக்காதது. அவள் அலட்சியமாக இருக்கவில்லை. என்னிடம் கேட்டாள்.

"இல்ல" என்றேன்.

"அப்ப சரி. புல்லி அனுப்பன மெட்ராஸ்காரரு எவ்ளோ டைட்டுன்னு போன்ல சொன்னாரு. போய் பிரேக்க அமுக்கு."

உட்கார்ந்து அழுத்தினேன். இறுக்கத்தை அளக்கும் கம்பி டிக் என்று சொல்லும்வரை அவள் இறுக்கினாள்.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்தபோது என்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. அவள் ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி என்ஜின் மேல் வைத்துக் காட்டினாள். தண்ணீரில் அலையே இல்லை. "பாத்தியா?" என்று சிரித்தாள். நான் பார்த்தேன். அவள் தப்பு செய்வதைப் பார்க்கத்தான் வந்தேன். இப்போது தப்பு உள்ளே இருக்கிறது, வெளியே அவள் ஜெயித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏறு" என்றாள். "எப்படியும் நான் ஓட்டிப் பாக்கணும். ஓனருகிட்ட கேட்டுட்டேன். உன்ன திண்டிவனத்துல எறக்கி வுட்டுட்டு வர்றேன். பஸ்ல போவாத."

வேண்டாமென்று சொல்ல என்ன காரணம் சொல்வது? ஏறினேன்.

ஹைவே ஏறியதும் அவள் வேகம் எடுத்தாள். லாரிகளின் சக்கரங்கள் என் காதுக்கு நேராகச் சுற்றின. அவள் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள், பெரியவரின் சம்பந்தி வீடு, தன் பையனின் பிளஸ் டூ என்று. என் காதில் எதுவும் விழவில்லை. என் பாதத்துக்கு முன்னால் எங்கோ அந்த போல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டரில் பேட்டரி லைட் எங்கே வரும் என்று தேடிப்பிடித்து அதையே பார்த்தேன். விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நின்றபோது பூத்திலிருந்த பெண் குனிந்து எங்கள் இருவரையும் பார்த்து, "அக்கா, சூப்பர்க்கா" என்றாள். இவள் கையை ஆட்டினாள். தடுப்புக் கட்டை மேலே போனது.

"பேப்பர் இருந்துச்சு" என்றேன்.

"என்ன பேப்பரு?"

"பெட்டில. பழைய போல்ட்டைப் போடக் கூடாதுன்னு இருந்துச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுவந்து, வண்டியை அணைத்தாள். வேகவைத்த மல்லாட்டைக் கூடையோடு ஒரு பெண் ஓடிவந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"நான் கேட்டேனே" என்றாள்.

"ஆமாம்."

"எங்க அது இப்ப?"

"கடையில. டிராயர்ல."

"அண்ணனுக்குப் போன் போட்டு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு."

அதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம். என் கணவருக்குப் போன் போட்டேன். பில் புத்தகத்துக்கு அடியில் பாருங்கள் என்றேன். இரண்டு நிமிடத்தில் போட்டோ வந்தது. கூடவே, "இத குடுக்காமயா போனே?" என்று ஒரு வரி.

அவள் போனை வாங்கிப் பெரிதாக்கி, உதடசைத்துப் படித்தாள். "கால் சுத்துன்னா தொண்ணூறு டிகிரியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த நேரத்திலும் அவளுக்கு வேலைதான் முதலில் வந்தது.

"ஏன்டி?"

"தெரியல."

"உனக்குத் தெரியும்."

சொன்னேன். "பொறாமை."

"என்னப் பாத்தா?" உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. கையை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். நகமெல்லாம் வெடித்து, ஒரு விரல் முன்பே உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. "இதப் பாத்தா? ஃபேன் காத்துல உக்காந்துக்கினு இருக்கற உனக்கு இதுமேல பொறாமையா?"

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அதற்கும்தான் பொறாமையாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"ஓனரு இன்னிக்கி சாயங்காலம் எடுத்துக்கினு திருச்சிக்குப் போறதா இருந்தாரு. பொண்டாட்டியோட." போனை என் மடியில் போட்டாள். "நீ எறங்கு. பஸ்ஸு இங்கயே நிக்கும்."

"நானும் திரும்பி வர்றேன்."

"எதுக்கு? எறங்குடி."

இறங்கினேன். அவள் கொஞ்ச தூரம் போய், திரும்பி, எதிர்ப்பக்கம் விழுப்புரத்தைப் பார்த்துப் போனாள். நான்கு விளக்குகளும் மினுக்கிக்கொண்டிருக்க, லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போக, அந்தச் சிவப்பு வண்டி மாட்டுவண்டி வேகத்தில் ஓரமாகவே ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடையில் என் கணவர் எதுவும் கேட்கவில்லை. தாளை நேராக்கிக் கல்லாவின் மேல் வைத்திருந்தார். நானாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நான் அந்த வீடியோவ உன்கிட்ட காட்டிக்கினே இருந்தது தப்பு" என்றார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. தப்பு முழுவதும் என்னுடையதாகவே இருந்திருந்தால் கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது.

போல்ட் வர இரண்டு நாள் ஆனது. பார்சல் ஆபீஸ் வாசலிலேயே காத்திருந்து வாங்கி, அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் போனேன். பெரியவர் வந்துவிட்டிருந்தார். அவர் இருந்தும், அவள் டிரைவர் சீட்டைக் கையால் காட்டினாள். போய் உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினேன். முதலில் டிக் சத்தம். அப்புறம், "இப்ப கெட்டியா" என்றாள். கால் பாதம் மரத்துப்போகும்வரை அழுத்தினேன். அவள் முனகிக்கொண்டே கால் சுற்று திருப்பினாள். வண்டி லேசாக அசைந்து நின்றது. அன்றைக்கு ஓட்டிப் பார்க்க அவள் தனியாகத்தான் போனாள். நான் பஸ்ஸில் நின்றுகொண்டு வீடு வந்தேன்.

ஒரு பத்து நாள் இருக்கும். கடை வாசலில் அந்தக் கார் வந்து நின்றது. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். ஓனர் இறங்கி வந்தார், ஐம்பது வயதிருக்கும், டீ-ஷர்ட் போட்டிருந்தார்.

"மேடம் நீங்கதானா? உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு நின்னேன். விழுப்புரத்துல அந்தம்மா சொன்னாங்க. போல்ட் மாத்தணும்னு நீங்கதான் படிச்சுப் பாத்து சொன்னீங்களாம். இல்லன்னா நடு ரோட்டுல நின்னுருப்பேன். நான்தான் ரெண்டு நாள் லேட்டுன்னு அவங்கள பேஜார் பண்ணிட்டேன்."

என் கணவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு, "உக்காருங்க சார், டீ சாப்டுட்டுப் போலாம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஓனர் டீ குடித்து முடிக்கும்வரை என்னைப் பற்றியே பேசினார். பக்கத்துக் கடைக்காரர் "நம்ம தங்கச்சி சாதாரண ஆளு இல்ல" என்றார். கார் கிளம்பிப் போனதும் எல்லோரும் கலைந்தார்கள்.

எனக்கு நிம்மதி வரவில்லை. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவள்மேல் கோபப்பட்டிருப்பேன். அவள் பெருந்தன்மையாக நடந்துகொண்டாள். அந்த ஜெயமும் அவளுக்கே போயிற்று என்று நினைத்தேன். இப்படி நினைப்பது கேவலம் என்று தெரிந்தும் நினைத்தேன்.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.

"ஏன்டி அவர்கிட்ட அப்படிச் சொன்னே?"

பின்னால் ஏதோ வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தாள்.

"பொய்யா சொன்னேன்? போல்ட்ட மாத்தணும்னு நீதான சொன்னே. நீ எப்ப சொன்னேன்றத மட்டும் நான் சொல்லல."

கல்லாவின் மேலிருந்த பில் புத்தகத்தை மூடினேன்.

"இன்னும் எரியுதா?" என்று கேட்டாள்.

"எரியுது."

"சரி, எரியட்டும். இன்னொரு தடவ என் வண்டில வெளையாடனே, உன் மூஞ்சியப் பாக்க மாட்டேன். இப்ப எழுதிக்கோ. டீசல் டாக்சி ஒண்ணு நிக்குது, கிளட்ச் பிளேட்டு வேணும்."

வண்டியின் வருடத்தைக் கேட்டேன். சொன்னாள். அந்த வருடத்தில் இரண்டு அளவு வரும், பழைய பிளேட்டின் பல்லை எண்ணிச் சொல் என்றேன். "இரு" என்று போனை எங்கோ வைத்துவிட்டு எண்ணப் போனாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.